ஆர்லினின் இடது தோள்

என் மச்சான் ஆர்லின் ஸ்டௌஃபருக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று நான் சொல்வது என் மனைவி மார்லிஸுக்குப் பயந்து. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அவன். சாப்பிடும்போது பேசுவான், வண்டி ஓட்டும்போது பேசுவான், மாதா கோவிலில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில்கூட முன் வரிசைக்காரனிடம் சோயா விலையைக் கேட்பான்.

எங்கள் பக்கத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் சதுப்பு. நாலு நாள் மழை பிடித்தால் சோளக்கொல்லையில் வாத்து நீந்தும். வயலுக்கு அடியில் குழாய் புதைத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு இறக்கிவிட்டால்தான் எங்களுக்கு வெள்ளாமை. அந்தக் குழாய் புதைக்கிற வேலைதான் ஆர்லினுக்கு, மீசை முளைத்த நாளிலிருந்து. பெரிய யந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். இடது கை சக்கரத்தில் இருக்கும். முகம் பின்னால் திரும்பி, குழாய் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். வலது கை தன்பாட்டுக்கு நெம்புகோல்களை ஏற்றும், இறக்கும், தள்ளும், இழுக்கும். வாய் போனில் யாரையாவது வைதுகொண்டிருக்கும். நாலும் ஒரே சமயத்தில் நடக்கும். குழாய் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருக்கும்.

அது வேலை. அவனுக்கு உயிர் என்றால் துப்பாக்கிதான். எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் செப்டம்பர் மாதம் ஒரு போட்டி நடக்கும். பழைய யுத்தங்களில் மறைந்திருந்து சுடும் சிப்பாய்களுக்கு ஏதாவது ஒரு ராணுவம் கொடுத்த மாதிரியான துப்பாக்கிதான் கொண்டுவர வேண்டும். அசல் வேண்டும் என்பதில்லை, அச்சு அசலாகச் செய்ததாக இருந்தாலும் போதும். ஜோடியாகத்தான் சேர முடியும், ஜோடிக்கு ஒரே துப்பாக்கி. ஒருவன் சுடும்போது மற்றவன் பக்கத்தில் படுத்துத் தூரக்கண்ணாடி வழியாகப் பார்த்து, காற்று எப்படி, குண்டு எங்கே பட்டது என்று சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். நானும் அவனும் அதில் பிரியாத ஜோடி. ஆனால் இத்தனை வருஷமும் இரவல் துப்பாக்கிதான். நமக்கென்று ஒன்று செய்துவிடுவோம் என்று ஒவ்வொரு பனிக்காலமும் பேசுவோம். அவன் ஸ்பிரிங்ஃபீல்டு மாதிரி என்பான், நான் கேரண்ட் மாதிரி என்பேன்; இரண்டும் அமெரிக்க ராணுவத்தின் பழைய துப்பாக்கிகள். சண்டை வந்து, பேச்சு அதோடு நின்றுவிடும்.

கோடையில் ஏரிக்கரைக்குப் போனால் ஆர்லின் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றுவான். வலது தோளில் துப்பாக்கிக் கட்டை உதைத்த இடம் கன்றிப்போய், கத்திரிக்காய் நிறத்தில் இருக்கும். அதைப் பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு திரிவான். "கருமம், மூடித் தொலைண்ணே" என்று மார்லிஸ் வருஷம் தவறாமல் திட்டுவாள்.

போன அக்டோபரில் ஒருநாள் காலை எழுந்தபோது அவனுடைய வலது கண்ணில் நடுப்பார்வை போயிருந்தது. கண்ணுக்குப் பின்னால் ஏதோ ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். ஊசி போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் மசியவில்லை. ஓரமெல்லாம் தெரியும், எதைப் பார்க்க நினைக்கிறானோ அந்த இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் திட்டு. வண்டி ஓட்டலாம், வேலை பார்க்கலாம் என்றார் டாக்டர். சுடுகிறவனுக்கு அந்த நடுதானே வேண்டும்? அவன் சுடும்போது போட்டுக்கொள்கிற தன் கோட்டைக் கொண்டுவந்து சங்கத்துக் கதவில் மாட்டி, "யாருக்கு வேணுமோ எடுத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான்தான் யாரும் தொடுவதற்குள் அதை எடுத்து என் வண்டியில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் வாய் அடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு மீன் வறுவலுக்கு வருவான், தட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லுவான், எழுந்து போய்விடுவான். அவன் பேசுவதை நிறுத்த மாட்டானா என்று இருபது வருஷம் ஏங்கிய எனக்கு, அந்த அமைதியில் சோறு இறங்கவில்லை. மே மாதக் கடைசி விடுமுறைக்கு எல்லோரும் ஏரிக்கரைக்குப் போனோம். அவன் வெயிலுக்குச் சட்டையைக் கழற்றினான். மார்லிஸ் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கண்ணன் தோளப் பாத்தீங்களா?"

"ஏன், ஒண்ணுமில்லியே."

"ஒண்ணுமில்லைங்கறதத்தான் சொல்றேன். பச்சப்புள்ள தோள் மாதிரி வெளேர்னு இருக்கு." அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க என்ன செய்வீங்களோ எனக்குத் தெரியாது. அவன் மறுபடி படுத்துச் சுடணும். இல்லாட்டி நீங்களும் சுட வேணாம்."

மனைவி இப்படிச் சொன்னால் வேறு வழி ஏது? வலது கண் போனால் இடது கண் இருக்கிறது. இடது தோளில் வைத்துச் சுட வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் சங்கத்தில் இடது தோள் என்றாலே பாவப்பட்ட ஜென்மம். பழைய துப்பாக்கி எல்லாவற்றிலும் குண்டை ஏற்றுகிற போல்ட்டின் பிடி வலது பக்கம்தான். ஒவ்வொரு குண்டுக்கும் அந்தப் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, இறக்க வேண்டும். இடது தோளில் வைப்பவன் விசையிலிருந்து கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலே சுற்றிக்கொண்டு போய் அதைச் செய்ய வேண்டும். முதுகைச் சொறிகிறவன் மாதிரி இருக்கும். இடது பக்கம் போல்ட் வைத்துச் செய்துவிடலாம் என்றால், அப்படி எந்த ராணுவமும் கொடுத்ததில்லை. விதி இடம் தராது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. கேரண்ட்! தானே குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. போல்ட்டைத் தொட வேண்டிய வேலையே இல்லை. இத்தனை வருஷம் நான் கத்தியதற்கு இப்போதாவது விடிவு வந்தது என்று உள்ளூர ஒரே சந்தோஷம்.

எங்கள் பக்கம் துப்பாக்கி செய்து கொடுப்பவள் பெவ் ஹ்ரூஸ்கா. உதிரிபாகத் தொழிற்சாலையில் கடைசல் யந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவள். கொட்டகையிலேயே பட்டறை வைத்திருக்கிறாள். எனக்கும் ஆர்லினுக்கும் அக்கா மாதிரி. அங்கே வா என்று நேராகக் கூப்பிட்டால் ஆர்லின் வர மாட்டான். அதனால், "பெவ் அக்கா கொட்டாயில தண்ணி ஊறுதாம், வந்து ஒரு எட்டுப் பாரு" என்று பொய் சொல்லி அழைத்துக்கொண்டு போனேன். பெவ்விடம் முன்கூட்டியே சொல்லி வைக்க எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

"தண்ணியா? எங்கொட்டாயிலயா?" பெவ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏம்ப்பா வெர்ன், காலைலயே ஊத்திக்கிட்டு வந்தியா?"

ஆர்லின் திரும்பி என்னை முறைத்தான். நான் உளறிக் கொட்டி விஷயத்தைச் சொன்னேன். தொலைநோக்கி பொருத்திய கேரண்ட் ஒன்று யாருக்காகவோ செய்து முடித்துப் பட்டறையில் தயாராக இருந்தது. "ஒரே ஒரு தடவ படுத்துப் பாரு மச்சான். புடிக்கலேன்னா நான் வாயத் தொறக்கல" என்று கெஞ்சினேன். பெவ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை.

அவன் பாயில் படுத்து, இடது தோளில் கட்டையை வைத்தான். கேரண்டுக்கு மேலிருந்துதான் குண்டு வரிசையைச் செருக வேண்டும். அதனால் தொலைநோக்கியை நடுவில் வைக்காமல் இடது பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். வலது தோள்காரனுக்கு முகம் அந்தப் பக்கம்தான் இருக்கும், சுகமாக இருக்கும். இடது தோள்காரனுக்கு முகம் வலது பக்கம், தொலைநோக்கி இடது பக்கம். ஆர்லின் கட்டைக்கு மேலே கழுத்தை நீட்டி, தாடையைத் தூக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆடு மாதிரி கிடந்தான். முப்பது வருஷமாக கேரண்டைக் கட்டிக்கொண்டு அழுகிற எனக்கு இது தோன்றவே இல்லை. என் முகம் இருக்கிற பக்கம்தானே எனக்குத் தெரியும்!

"அதத்தான் சொல்ல வந்தேன். எங்க விட்ட?" என்றாள் பெவ்.

ஆர்லின் எழுந்து முழங்காலைத் தட்டினான். முகம் சிவந்திருந்தது. "போதும் மாப்ளே. கண்ணு போனவன வச்சுக் கூத்துக் காட்டுறியா?"

"இல்லடா மச்சான்..."

"என்ன நொள்ள மச்சான்? அவரு கேரண்டுக்கு ஆள் சேக்க நாந்தான் கெடச்சேனா?"

அந்த ஒரு நிமிஷம் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அவன் வாசலைப் பார்த்து நடந்தான். வழியில் பெவ்வின் மேசையில் பாதி செய்த ஸ்பிரிங்ஃபீல்டு ஒன்று வைஸ் என்கிற இரும்புக் கவ்வியில் பூட்டிக் கிடந்தது. குழல் இருந்தது, போல்ட் இருந்தது, இழைக்காத மரக்கட்டை இருந்தது. அதற்கு முன்னால் நின்றான். போகிற போக்கில் என்னை இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"இங்க பாரு, எனக்குப் புடிச்ச துப்பாக்கி இது. இதுலயும் முடியாதுன்னு உனக்குக் காட்டுறேன், பாத்துத் தொல." குனிந்து இடது கன்னத்தைக் கட்டையில் வைத்தான். இடது கை விசையில் போயிற்று. பிறகு அந்தக் கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலே சுற்றி, போல்ட்டைப் பிடிக்கத் தடுமாறினான். "பாத்தியா? நொண்டிக் கோழி மாதிரி! இந்த லட்சணத்துல போட்டிக்கு வந்தா ஊரே சிரிக்கும். உனக்கென்ன, உன் ரெண்டு கண்ணும் நல்லாருக்கு. நடுராத்திரி முழிச்சுக்கிட்டு சுவத்துல கறையா கண்ணுல கறையான்னு பாத்துக்கிட்டுக் கெடந்தா உனக்குத் தெரியும். பொய் சொல்லி வேற கூட்டியாந்திருக்க. தண்ணி ஊறுதாம், தண்ணி! ஒனக்கு மண்டைலதான்டா தண்ணி ஊறுது..."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் வாய் திறந்துவிட்டது. திட்டு வாங்கிக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போது பெவ் என் முழங்கையை அழுத்திப் பிடித்து, கண்ணால் காட்டினாள்.

இடது கன்னம் கட்டையில் இருந்தது. இடது கை விசையருகே அசையாமல் இருந்தது. அவன் திட்டத் திட்ட, வலது கை தன்பாட்டுக்குப் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கியது. மறுபடி தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கியது. குழாய் யந்திரத்தின் மேல் உட்கார்ந்து போனில் வைகிறபோது அந்தக் கை என்ன செய்யுமோ, அதே வேலைதான்.

"ஆர்லின்," என்றாள் பெவ், "நிறுத்தாத. இவன இன்னும் நல்லா வைய்யி."

"என்னக்கா?"

"ஒங்கையப் பாரு."

அவன் பார்த்தான். கை போல்ட்டின் மேல் நின்றது. மெதுவாக இன்னொரு முறை இழுத்துத் தள்ளினான். கன்னம் கட்டையை விட்டு நகரவில்லை, கண்ணும் நகரவில்லை.

இது எப்படி இத்தனை வருஷம் ஒருவனுக்கும் தோன்றாமல் போயிற்று என்று கேட்டால், அது எங்கள் சங்கத்தின் வீம்பு. நாங்களெல்லாம் துப்பாக்கியை முன்னால் தாங்குகிற கையில் தோல் வாரைச் சுற்றி இறுக்கிச் சுடுகிறவர்கள். அந்தக் கை துப்பாக்கியோடு கட்டுண்டு கிடக்கும். அதற்கு வேறு வேலை இருக்க முடியும் என்று யாரும் நினைத்ததில்லை. மண்மூட்டையின் மேல் குழலைச் சாய்த்துக்கொள்ளலாம் என்று இந்தப் போட்டியின் விதியிலேயே இருக்கிறது. ஆனால் மூட்டை வைத்தால் மானம் போய்விடும் என்று ஒருவனும் வைக்க மாட்டான். எங்கள் இடதுகைக்காரர்கள்கூட வாரைக் கட்டிக்கொண்டேதான் காலம் பூராவும் முதுகைச் சொறிந்தார்கள். அன்றைக்கு வைஸ் துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டது, அவன் கை சும்மா இருந்தது, அவ்வளவுதான் நடந்தது.

"போட்டியில மண்மூட்ட தாங்கிக்கும்" என்றாள் பெவ்.

"மூட்டையா?" என்றான் ஆர்லின். "பயலுக என்ன சொல்லுவானுங்க?"

"சொல்லிட்டுப் போறானுங்க. விதியில இருக்கு" என்றாள் பெவ்.

அவன் வைஸைச் சுற்றி ஒரு நடை நடந்தான். திரும்பி வந்து மறுபடி குனிந்தான். அப்புறம்தான், "இது யாருக்குக்கா செய்யற?" என்று கேட்டான். "இன்னும் யாருக்குமில்ல" என்றாள் அவள். பொய்தான் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

கேரண்ட் ஒழிந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு என்று முடிவாயிற்று. சண்டை ஒழிந்ததா? அதுதான் இல்லை. அந்தத் துப்பாக்கியிலேயே இரண்டு மாதிரி உண்டு. தரைப்படைக்காரர்கள் மாதிரி என்றால் குட்டைத் தொலைநோக்கி. சின்னது, மங்கலாகத் தெரியும், ஆனால் தொந்தரவு கிடையாது. கடற்படைச் சிப்பாய்கள் மாதிரி என்றால் துப்பாக்கி நீளத்துக்கு முக்கால்வாசி வருகிற நீளக் குழாய். எட்டு மடங்கு பெரிசாகக் காட்டும். ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தக் குழாய் அதிர்ச்சியில் முன்னால் வழுக்கிக்கொண்டு போய்விடும். கையால் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் அடுத்த குண்டுக்குக் கண் தெரியும். நமக்கு எதுக்கு இந்த வம்பு, குட்டையே போதும் என்றேன் நான்.

"மாப்ளே, என் எடது கண்ணு இப்பத்தான் பள்ளிக்கூடம் போவுது. பெரிய எழுத்துல எழுதிக் காட்டுனாத்தான் படிக்கும்."

"ஒவ்வொரு குண்டுக்கும் இழுக்கணுமேடா!"

"எங்கை அங்கதானே போவுது? போல்ட்டத் தள்ளுறப்ப அப்படியே கொழாயையும் இழுத்துட்டு வரும். நாலு நெம்புகோலப் பாத்த கை, இது ரெண்டே ரெண்டு."

"நான் என்ன செய்றது? ஒரே துப்பாக்கிதானே ரெண்டு பேருக்கும்?"

"நீ கத்துக்க" என்றான் அவன். பெவ் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. ரஷ்யாக்காரன் துப்பாக்கி வேண்டுமா, இறுகிக்கொள்கிற அதன் போல்ட்டைத் திறக்கச் சுத்தியலும் தருகிறேன் என்று என்னை வேறு கிண்டல் செய்தாள். நீளக் குழாய்க்குத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெவ் எந்த வேலையையும் அவசரமாகச் செய்ய மாட்டாள். துப்பாக்கி முடிகிற வரை ஆர்லின், அணில் சுடுகிற சின்னத் துப்பாக்கியில் இடது தோளைப் பழக்கினான். ஆரம்பத்தில் பார்க்கவே சகிக்கவில்லை. இடது விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும், குண்டு எங்கோ புல்லில் போய் விழும். ஒருநாள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "கெழட்டு நாய்க்குப் பாட்டுச் சொல்லித் தர்ற மாதிரி இருக்கு" என்று எழுந்து போய்விட்டான். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். மறுநாள் சாயங்காலம் நான் போவதற்கு முன்னால் அங்கே படுத்துக் கிடந்தான்.

பெவ் துப்பாக்கியைக் கொடுத்தது போட்டிக்கு முந்தின நாள். தொலைநோக்கியைச் சரிபார்த்துச் சுட்டதெல்லாம் அவளே. வாதுமை மரக் கட்டை, எண்ணெய் பூசி மினுமினு என்று இருந்தது. அவன் அதைக் கையில் வாங்கியபோது, என் வண்டியில் ஒளித்து வைத்திருந்த கோட்டையும் எடுத்துக் கொடுத்தேன். "திருட்டுப் பயலே" என்றான். கோட்டில் மெத்தை தைத்திருப்பது வலது தோளில் மட்டும். அது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனதுமே ஆரம்பித்துவிட்டார்கள். "என்ன ஆர்லின், தலகாணியெல்லாம் கொண்டாந்துட்ட?"

"உங்க ஸ்கோரப் பாத்தா தூக்கம் வருதேப்பா, என்ன பண்றது!"

முதலில் என் முறை. முதல் குண்டுக்கு ஞாபகமாகக் குழாயை இழுத்துவிட்டேன். இரண்டாவது குண்டு போட்டதும் வழக்கம்போல போல்ட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல கண் இரண்டும் இருந்தும் நான் குருடன்.

"கொழாய இழுடா மடையா!" என்று பக்கத்தில் படுத்திருந்தவன் கத்தியதில் நடுவர் திரும்பிப் பார்த்தார். இழுப்பதற்குள், கொஞ்ச நேரமே மேலே நிற்கிற இலக்கு கீழே இறங்கிவிட்டது. அந்தக் குண்டு போயிற்று. அதே தப்பை இன்னொரு முறையும் செய்தேன். வேறு என்ன சொல்ல?

பிறகு அவன் படுத்தான். நான் தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கு எழுந்தது. முதல் குண்டு வெளி வளையத்தில், வலது பக்கம். "காத்து இடதிலேர்ந்து. கொஞ்சம் இடது வை" என்றேன். அவன் வலது கை போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அப்படியே முன்னே போய்க் குழாயைப் பின்னுக்குக் கொண்டுவந்தது. வெடித்த குண்டின் காலிக் கூடு அவன் தொப்பி விளிம்பில் பட்டுத் தெறித்தது. கன்னம் அசையவில்லை. இரண்டாவது குண்டு நடு வெள்ளையில் விழுந்தது. அடுத்தது அதன் பக்கத்தில் விழுந்தது. கேலி பேசியவர்கள் ஒவ்வொருவராக எங்கள் பின்னால் வந்து நின்றார்கள். இடதுகைக்காரன் ஒருவன் குனிந்து அந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. என் புண்ணியத்தில் ஆறாவது இடம். எனக்கு அது உறைக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. வெயில் இன்னும் இருந்தது; ஏரிக்கரைக்குப் போனோம். மார்லிஸ் மீனைப் பொரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆர்லின் வந்தான், முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றினான். கட்டையின் இரும்பு விளிம்பு உதைத்த இடது தோள், மெத்தையில்லாத தோள், மேலிருந்து கீழ்வரை கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. மார்லிஸ் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ரொம்ப வலிக்குதா?"

"உசுரு போவுதுடி" என்றான் அவன், வாயெல்லாம் பல்லாக.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. காற்று எப்படித் திரும்பியது, நான் எப்படிக் குழாயை இழுக்க மறந்தேன், அடுத்த வருஷம் கோட்டில் மெத்தையை எங்கே தைக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டான். மீன் ஆறி விறைத்துப் போயிற்று. சாப்பிடு என்றுகூட யாரும் அவனை நிறுத்தவில்லை.